வாப்பா விட்டுச் சென்ற துப்பாக்கிக்கு என்ன விலை?



கொடுக்கல் வாங்கல் குறித்து நம்மிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் நகை, மனை, வாகனம், வட்டி ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் மிகக் குறைவான கேள்வி ஒன்று உண்டு. ஆனால் அது வரும்போதெல்லாம் ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலையும் கூடவே சுமந்து வருகிறது. பெரியவர் ஒருவர் வஃபாத்தாகிறார். அவர் பெயரில் உரிமம் பெற்ற பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை யார் எடுத்துக் கொள்வது? விற்பதென்றால் என்ன விலை சொல்வது? யாருக்கு விற்பது?

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம், பொட்டல்புதூர், களக்காடு என மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில், வயலும் தோப்பும் வைத்திருந்த சில குடும்பங்களில் இப்பொருள் இன்றும் உண்டு. ‘இதற்கெல்லாம் மார்க்கத்தில் என்ன சட்டம் இருக்கப் போகிறது, இது காவல் நிலையத்தோடு தீரும் விஷயம்’ என்று எண்ணுவோர் உளர். நம் கருத்து வேறு. துப்பாக்கியை வைத்திருக்கும் அனுமதி ஒருவர் பெயரில் இருக்கலாம்; அதன் விலை எல்லா வாரிசுகளுக்கும் உரியது. இந்த ஒன்றை மறந்ததனாலேயே நம் மஹல்லாக்களில் பெண்மக்களின் பங்கு சத்தமில்லாமல் கரைந்து போகிறது.

நெல்லைச் சீமையில் ஆயுதத்துக்கும் அரசின் அனுமதிக்கும் இடையிலான உறவு பழையது. பாளையக்காரர் போர் 1801-இல் ஒடுக்கப்பட்டபின் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே ஆங்கிலேயர் தடை செய்தனர். 1878-இன் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று ஆக்கியது. அதன்பின் துப்பாக்கி உரிமம் என்பது காவலுக்கு மட்டுமன்றிக் கௌரவத்துக்கும் அடையாளமாயிற்று. ஜமீன்தார், மிராசுதார், பெருவணிகர் வீடுகளில் அது சுவரில் தொங்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். சுவரில் தொங்கும் காலம் போய்விட்டது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், காலக்கெடு முடிந்தால் உரிமத்தைப் புதுப்பிக்க அலைவதுமாக அது ஒரு சுமையாகி விட்டது. ஆயினும் குடும்பத்துக்குள் அந்தப் பழைய கௌரவத்தின் வாசம் போகவில்லை. மூத்த மகன் அதை விடமாட்டேன் என்பதற்கு விலையைவிட அந்த வாசமே பெரிதும் காரணம் என்பது நாம் கண்டது.

சட்டம் சொல்வதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உரிமம் பெற்றவர் இறந்தவுடன் அந்த உரிமம் வாரிசுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுகளில் ஒருவர் தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது மற்ற வாரிசுகளிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்குவது வழக்கம். யாருக்கும் வேண்டாம் என்றால், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள ஒருவருக்கு விற்கலாம். தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த துப்பாக்கியை விற்கும் தனிமனிதர், விற்கப் போவதையும் வாங்குபவரின் விவரத்தையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபின் 45 நாட்கள் கழிந்தாக வேண்டும். நெல்லை மாநகரக் காவல் எல்லைக்குள் ஆட்சியருக்குப் பதில் காவல் ஆணையர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதால், பழைய உரிமப் புத்தகத்தில் திருநெல்வேலி என்றிருந்தாலும் கடையம், ஆழ்வார்குறிச்சி பக்கத்துக் குடும்பங்கள் இப்போது தென்காசிக்குத்தான் செல்ல வேண்டும்.

இந்த ‘ஆட்சேபணை இல்லை’ என்ற கையெழுத்துத்தான் நாம் பேச வந்த சிக்கலின் வேர்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறோம். தந்தை மறைந்தார், மனைவியும் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் இருந்தனர். மூத்த மகன் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்த சகோதரிகள் இருவரும் கையெழுத்திட்டனர். “காக்கா வைத்துக் கொள்ளட்டும், எங்களுக்கு எதற்குத் துப்பாக்கி?” என்றனர். நியாயமான பேச்சுத்தான். துப்பாக்கியை வைத்திருக்க அவர்கள் விரும்பவில்லை. ஆனால் அதன் விலையில் தமக்குப் பங்கு உண்டு என்பதை அந்தச் சபையில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே துப்பாக்கி நல்ல விலைக்குக் கைமாறியபோது செய்தி சகோதரிகளின் காதுக்கு எட்டியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுத் திருமணங்களுக்கு ஒரு தரப்பார் வருவதில்லை.

அரசுக்குக் கொடுக்கும் அந்தக் கையெழுத்தின் பொருள், ‘இவருக்கு உரிமம் வழங்குவதில் எனக்கு மறுப்பில்லை’ என்பது மட்டுமே. பங்கை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன் என்பது அதன் பொருள் ஆகாது. நம் நாட்டில் 1937-இன் முஸ்லிம் தனியார் சட்டம் நமக்கு ஷரீஅத்தின்படி வாரிசுரிமை உண்டு என்கிறது. துப்பாக்கியும் மற்ற அசையும் சொத்துக்களைப் போல் தரிகாவில் சேர்ந்த பொருளே. பங்கை விட்டுக் கொடுக்க ஒரு சகோதரிக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எதை விட்டுக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவு அறியப்படாத உரிமையை விட்டுக் கொடுப்பது செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைபாடு. சபையில் பலர் பார்க்க, வெட்கத்தின் காரணமாக ஒருவர் கொடுப்பதைப் பெற்றுக் கொள்வது பறித்துக் கொண்டதற்கு ஒப்பாகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கின்றனர். வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் பேச்சே இல்லை. அப்பிள்ளையின் பங்கை விட்டுக் கொடுக்கத் தாய்க்கும் உரிமையில்லை, பெரிய தந்தைக்கும் உரிமையில்லை.

தொகை சிறியதுதானே என்போருக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன அதே குடும்ப அமைப்பு; துப்பாக்கியின் நியாய மதிப்பு 64,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். எட்டில் ஒன்றான 8,000 மனைவிக்கு. மீதி 56,000. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என எட்டுப் பங்குகள், பங்கொன்றுக்கு 7,000. ஆக மகன் ஒவ்வொருவருக்கும் 14,000, மகள் ஒவ்வொருவருக்கும் 7,000. இப்போது மூத்தவர், ‘பழைய சாமான், பதினாறாயிரம் போகும்’ என்று சொல்லி அந்த மதிப்பில் எடுத்துக் கொள்கிறார். தாய்க்கு 2,000, தம்பிகளுக்கு 3,500, தங்கைகளுக்கு 1,750. சகோதரி ஒருவர் இழப்பது 5,250 ரூபாய். எல்லோரிடமிருந்தும் சேர்த்து மூத்தவருக்குப் போவது 37,500 ரூபாய். பத்தமடையில் பாய் நெய்யும் பெண் ஒருவருக்கு ஐயாயிரம் ரூபாய் சிறிய தொகையா என்பதைப் படிப்பவரே முடிவு செய்து கொள்ளட்டும். அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பதையும் அளவையில் குறைப்பதையும் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தராசில் கை வைப்பவனைத்தான் நாம் முதஃப்பிஃபீன் என்று நினைத்துக் கொள்கிறோம். வாயால் மதிப்பைக் குறைப்பவனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான்.

சரி, நியாய மதிப்பை எப்படி அறிவது?

ஃபிக்ஹு நூல்களில் ‘ஸமனுல் மிஸ்ல்’ என்றொரு சொல் உண்டு. அதே போன்ற பொருளுக்கு, அதே இடத்தில், அதே காலத்தில் மக்கள் கொடுக்கும் விலை. இதில் இடம் என்ற நிபந்தனை துப்பாக்கிக்கு மிகவும் பொருந்தும். வடமாநிலங்களில் கேட்கும் விலையைக் கைபேசியில் பார்த்துவிட்டு, ‘இலட்சக்கணக்கில் போகும்’ என்று தம்பிமார் வாதிடுவதும் நடக்கிறது. அங்கே உரிமம் வைத்திருப்போர் அதிகம், வாங்குவோர் போட்டியிடுகின்றனர். தமிழ்நாட்டில் உரிமம் கிடைப்பது அரிது. துப்பாக்கியை விரும்புவோர் நூறு பேர் இருக்கலாம். சட்டப்படி வாங்கத் தகுதியுள்ளவர் ஒருவரோ இருவரோ. எனவே மூத்தவர் ‘இங்கே அந்த விலை போகாது’ என்று சொன்னால் அதில் உண்மை இருக்கவே செய்கிறது. அந்த உண்மையைச் சாக்காக வைத்து அடிமாட்டு விலை பேசுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

பொருளும் பொருளும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் தோளில் வைத்துச் சுடும் எல்லாவற்றையும் வேட்டைத் துப்பாக்கி என்றே சொல்லிவிடுகின்றனர். 12 போர் எனப்படும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளின் உட்புறம் வழவழப்பானது. சிறு குண்டுகளைச் சிதறடிப்பது. ரைஃபிள் என்பது குழலின் உள்ளே திருகு வரிகள் உடையது. ஒற்றைக் குண்டைத் தொலைவுக்கு அனுப்புவது. ஈஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இந்தியாவில் உரிமதாரர்களிடம் பரவலாகக் காணப்படுவது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்ட வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர் போன்ற பெயர்கள் சில பழைய குடும்பங்களின் துப்பாக்கிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். 1980களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்குத் தனி மதிப்பு. குழலின் மேல் பொறித்திருக்கும் அந்தச் சிறிய எழுத்துக்களை வாசிக்கத் தெரியாத ஒரு விதவைத் தாயிடம், வாசிக்கத் தெரிந்த ஒருவர் ‘பழைய இரும்பு’ என்று விலை பேசுவது என்ன வியாபாரம்?

நபி (ஸல்) அவர்கள், சரக்கோடு வரும் வணிகரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதைத் தடுத்தார்கள். சந்தை நிலவரம் அறியாத அவரிடம் குறைத்து வாங்கிவிடுவார்கள் என்பதே காரணம். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்று அறிவித்தார்கள். இத்தா இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குச் சென்று துப்பாக்கிக்கு விலை பேசுபவர், ஊருக்கு வெளியே காத்திருந்த அந்த வணிகரை விட ஒரு படி மேலே போய்விட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) எடுத்துச் சொல்வது. அவருடைய பணியாளர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்துப் பணம் பெறுவதற்காக உரிமையாளரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உம் குதிரை இதைவிட அதிகம் பெறுமே, நானூறுக்குத் தருகிறீரா என்று கேட்டார். பிறகு ஐந்நூறு என்றார். இப்படியே தாமாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் அளித்த உறுதிமொழியையே இதற்குக் காரணமாகச் சொன்னார். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். வாங்குபவனே விலையை ஏற்றுவானா என்று. சிரிப்பு வருவதில் வியப்பில்லை. அப்படி ஒருவரை நாமும் மேலப்பாளையம் சந்தையில் இன்னும் பார்க்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். உரிமம் பெற்ற கடைக்காரர் இருவரிடம், ஒருவர் வேறு மாவட்டத்தவராக இருத்தல் நலம், எழுத்தில் மதிப்புக் கேட்க வேண்டும். அதில் இரண்டு எண்கள் வேண்டும்: ‘நீங்கள் வாங்கினால் என்ன தருவீர்கள்’ என்பது ஒன்று, ‘இதே நிலையிலுள்ள துப்பாக்கியை நீங்கள் விற்றால் என்ன கேட்பீர்கள்’ என்பது மற்றொன்று. கடைக்காரர் தம் லாபத்தையும் பொருள் தேங்கும் காலத்தையும் கணக்கிட்டே முதல் எண்ணைச் சொல்வார், அது தரை. இரண்டாவது கூரை. வாரிசுகளில் ஒருவர் எடுத்துக் கொள்வதானால் இவ்விரண்டுக்கும் இடையில் எல்லோரும் அறிந்து ஒப்பும் ஒரு தொகை நியாயமானது. தரையை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குவது முறையன்று. வெளியாருக்கு விற்பதானாலும் இதே அளவுகோல்தான். மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பது பிரபலமான ஹதீஸ். ஆகவே ஜமாஅத் தலைவர் இன்ன விலைதான் என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை. அவர் செய்ய வேண்டியது, எல்லா வாரிசுகளின் கையிலும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளின் கையிலும், அந்த எழுத்து மதிப்பின் நகல் சேர்ந்ததா என்று பார்ப்பது. ‘ஏற்கெனவே ஒருவர் இவ்வளவுக்குக் கேட்டுவிட்டார்’ என்று இல்லாத ஆளைச் சொல்லி விலையை ஏற்றுவது நஜஷ் என்ற தடுக்கப்பட்ட செயலின் இனம் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

விற்பவருக்கு நேரும் அநியாயத்தைப் பேசினோம். வாங்குபவரையும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பழைய 12 போர் துப்பாக்கியை வாங்க வருபவர் பெரும்பாலும் செல்வந்தர் அல்லர். படையிலிருந்து ஓய்வு பெற்று, வங்கியிலோ நகைக் கடையிலோ ஆயுதக் காவலர் வேலை தேடுபவர். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. அவர் தம் ஓய்வுத் தொகையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் அது. அவரிடம் பழுதை மறைத்தால் அவர் இழப்பது பணத்தை மட்டுமன்று.

மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே குவித்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை அறியாதவர் நம்மில் இல்லை. நனைந்த தானியம் முளைக்கும், புளிக்கும், அவ்வளவே. துப்பாக்கியின் நனைவு குழலுக்குள் இருக்கிறது. கார் பருவத்து ஈரக்காற்றிலும், தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடந்ததிலும் உட்புறம் துருக்குழி விழுந்திருக்கும். வெளியே நீலம் பூசி, கட்டைக்கு மெருகேற்றி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. மடக்கித் திறக்கும் பூட்டு தளர்ந்திருந்தால் சுடும்போது வெடிப்பின் வேகம் பின்னோக்கி வரும். மிகப் பழைய துப்பாக்கிகளில் இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த ‘டமாஸ்கஸ்’ குழல்கள் உண்டு. பாம்புத் தோல் போன்ற அழகிய வரிகள் இருக்கும். அவை கரிமருந்துக் காலத்தவை. இன்றைய புகையற்ற வெடிமருந்துத் தோட்டாவை அவற்றில் இட்டால் குழல் பிளக்கக் கூடும். இன்னொன்று: பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு அமைந்தது. இப்போது பரவலாக விற்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதற்குள் நுழைந்துவிடும். ஆனால் அது விரிந்து வெடிக்க இடம் போதாமல் அழுத்தம் மிகும். நுழைகிறதே என்று சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம். இவற்றை அறிந்த விற்பனையாளர் வாய்திறந்து சொல்லாமல் இருப்பது எந்தக் கணக்கில் சேரும்?

“இருப்பது இருப்பபடியே விற்கிறேன், பிறகு என்னைக் கேட்கக் கூடாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்தின்படி, எல்லாக் குறைகளிலிருந்தும் விலகிக் கொள்வதாக நிபந்தனையிட்டு விற்றாலும், விற்பனை செல்லுமே தவிர, உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்பவரும் அறியாத குறையிலிருந்து மட்டுமே அவர் விடுபடுவார். துப்பாக்கி பிராணி அன்று. எனவே பழுது தெரிந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆயினும் தமக்குத் தெரிந்த உயிராபத்தை மறைத்துக் கொள்ள அந்தச் சொல் திரையாகாது என்பதே நம் உறுதியான எண்ணம்.

சொல்ல வேண்டிய கடமை விற்பவரோடு நின்றுவிடுவதில்லை. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் அருகில் நிற்க ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். வாங்கியவர் ஓட்டிச் சென்றபின்தான் கவனித்த வாஸிலா (ரலி), அவர் பின்னால் ஓடிச் சென்று, இறைச்சிக்கா பயணத்துக்கா என்று கேட்டார். பயணத்துக்கு என்றார். இதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைத்துக் கொண்டார். என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலாவிடம் வருந்தினார். குறையை அறிந்த எவரும் அதைச் சொல்லாமல் இருக்கலாகாது என்று தாம் கேட்டதை வாஸிலா (ரலி) பதிலாகச் சொன்னார். நம் ஊரில் விலை பேசும் திண்ணையில் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று வெற்றிலையை மடித்துக் கொண்டிருக்கும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, எதற்காக வாங்குகிறார் என்ற கேள்வி. வேட்டைத் துப்பாக்கி என்பது நம் நாட்டில் இப்போது வெறும் பெயர். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம் ஆனது. 1988-இல் களக்காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் வேட்டையாடிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம், அவ்வளவுதான். ‘பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் முயல் ஹலால்தானே’ என்று கேட்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது: இறைச்சியின் சட்டம் வேறு, நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரைத் திருட்டுத்தனமாகக் கொல்வதன் சட்டம் வேறு. வாழ்விடத்தின் சட்டத்தை மதிப்பதாக ஏற்றுக் கொண்டு வாழ்பவர்கள் நாம்.

காட்டுப்பன்றியால் நெல்லும் வாழையும் கிழங்கும் அழிவது அடிவார விவசாயிகளின் உண்மையான வேதனை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியவர் வனத்துறையின் பணியாளர். உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி தாமே சுடலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே ‘இதை வாங்கினால் பன்றித் தொல்லை தீரும்’ என்று சொல்லி ஒருவர் விலையை உயர்த்தினால் அதுவும் பொய்யே. நனைந்த தானியத்தின் இன்னொரு வடிவம்.

பாவத்துக்குப் பயன்படுத்துவான் என்று அறிந்தவனுக்கு ஆயுதம் விற்பது கூடாது என்பதில் அறிஞர்கள் தெளிவாக இருக்கின்றனர். குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்தார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் வியாபாரப் பகுதியில் குறிப்பிடுகிறார். குழப்பக் காலம் என்றால் பெரிய போர் என்று நாம் எண்ண வேண்டாம். வரப்புத் தகராறும் கோயில் கொடை, கந்தூரி முன்விரோதமும் முற்றி நிற்கும் ஊரில், அத்தகராறின் ஒரு தரப்பார் இரட்டிப்பு விலை கொடுக்க முன்வந்தால், அவர் உரிமம் வைத்திருப்பவராகவே இருந்தாலும், விற்காமல் இருப்பதே பேணுதல். சட்டத்தின் 45 நாட்கள் சிலருக்கு எரிச்சலூட்டுகின்றன. நமக்கோ அது வாங்குபவரைப் பற்றி விசாரிக்கவும், துப்பாக்கியை ஒரு கைதேர்ந்த பழுது பார்ப்பவரிடம் காட்டவும், தூரத்துச் சகோதரியின் பதிலுக்காகக் காத்திருக்கவும் கிடைத்த அவகாசமாகவே தோன்றுகிறது.

அதே தலைப்பின் கீழ்தான் புகாரி, அபூ கதாதா (ரலி) அவர்களின் செய்தியையும் பதிவு செய்திருக்கிறார். ஹுனைன் போரில் தமக்குக் கிடைத்த கவசத்தை அவர் விற்று, பனூ ஸலமாவின் பகுதியில் ஒரு பேரீச்சந்தோட்டம் வாங்கினார். இஸ்லாத்தில் அவர் தேடிக்கொண்ட முதற்சொத்து அதுவே. வாப்பாவின் துப்பாக்கியை விற்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று தயங்கும் மகன்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, சிலர் கேட்பது: வாங்குவாரே இல்லையென்றால்? அப்படியும் நடக்கிறது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது; கூடுதலாக வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நெருக்கடியில் இருப்பவரிடம் அடித்து வாங்குவது அழகல்ல என்றாலும், அவர் வேறு வழியின்றிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் விற்பனை செல்லும். வாரிசுகள் பின்னர் அவரைக் குறை கூறுவது நியாயமில்லை. விற்பனையாகும் வரை கடையில் வைத்திருப்பதற்கான காப்புக் கட்டணத்தை யார் கொடுத்தாரோ அவர் எழுதி வைத்துக் கொள்ளட்டும். விற்ற தொகையிலிருந்து முதலில் அந்தச் செலவைக் கழித்து அவருக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பங்கு வைக்க வேண்டும். மூத்தவரே கட்டியிருந்தாலும் அது அவருக்குரிய கடன்தான். அதைக் காட்டித் துப்பாக்கியையே எடுத்துக் கொள்ள அவருக்கு உரிமை வந்துவிடாது.